சம்மட்டி அடியில் தெரியும் அடிமண்

மேட்டுப்பாளையத்தில் வீட்டுக்குக் கடக்கால் தோண்ட வரும் மேஸ்திரி, பக்கத்து மனையில் என்ன மண் வந்தது என்று விசாரிப்பார். ஆனால் அந்தப் பதிலை நம்பி மட்டும் வேலையைத் தொடங்கிவிட மாட்டார். நாலடியில் கெட்டியான கிராவல் வந்த மனைக்கு அடுத்த மனையில் பத்தடி வரைக்கும் கடப்பாரை லேசாக இறங்கும். இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டினால் மண்ணுக்குள் ஆள் உயரப் பாறாங்கல் ஒன்று தனியாகப் புதைந்து கிடக்கும். பாறை தட்டிவிட்டது என்று அங்கேயே நிறுத்தினால் ஏமாந்து போவோம். அந்தக் கல்லுக்கு அடியில் மறுபடியும் மண்தான்.

ஊர் அமைந்த இடம் அப்படி. நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு உதகையில் 2,203 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. அந்த உயரத்தின் பெரும்பகுதியைக் கல்லாறு தாண்டிய பிறகு, பல்சக்கரப் பாதையில் செங்குத்தாக ஏறிக் கடக்கிறது. அவ்வளவு உயரமான ஒரு மலைச்சுவரின் காலடியில் ஊர் இருக்கிறது. மலையிலிருந்து மழை அடித்துக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இங்கே வந்து படிந்திருக்கின்றன. பில்லூர்ப் பக்கமிருந்து இறங்கும் பவானி தன் வண்டலையும் மணலையும் கரையோரம் விட்டிருக்கிறது. கல்லாறு உருட்டி வந்த கற்கள் தனி. இதற்கெல்லாம் அடியில் கிடக்கும் பழம்பாறையும் ஒரே சீராக இல்லை. நீலகிரி மலைத்தொகுதியின் வடக்கே மோயாறு, தெற்கே பவானி என்று இரண்டு மாபெரும் நிலப்பிளவு மண்டலங்கள் கிழக்கு நோக்கி ஒன்றையொன்று நெருங்குகின்றன. அந்தப் பழைய பிசைவில் நொறுங்கிய பாறை சில இடங்களில் ஆழம் வரைக்கும் மக்கிப் போயிருக்கிறது. சில இடங்களில் தரைக்கு மேலேயே தலைகாட்டுகிறது.

இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு பாலமோ ஆறு மாடிக் கட்டடமோ கட்ட வேண்டுமென்றால் பொறியாளர் வழக்கமாகச் செய்வது மண் பரிசோதனை. துளை போடுவார்கள். துளைக்குள் ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப அதன் தலையில் விழ வைப்பார்கள். குழாய் கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆனது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கைதான் ‘என்’ மதிப்பு. நாடு முழுக்க அஸ்திவாரங்கள் இந்த எண்ணை நம்பித்தான் எழும்புகின்றன. குறைசொல்ல முடியாத முறை; மண்ணையே வெளியே எடுத்துக் காட்டுகிறது. ஆனால் ஒரு துளை ஓர் இடத்தின் கதையைத்தான் சொல்லும். இரண்டு துளைகளுக்கு நடுவே நாம் கோடு போட்டு ஊகிக்கிறோம். மலையடிவாரத்தில் அந்த ஊகம் பொய்த்துப்போக நிறைய வாய்ப்பிருக்கிறது. குழாய் புதைகல் ஒன்றில் முட்டிக்கொண்டால் ‘என்’ மதிப்பு எகிறும். சுற்றியுள்ள மண் இளகலாக இருப்பது பதிவேட்டில் வராது.

மண்ணைத் தோண்டாமல், மேலே நின்றபடியே, இருபது முப்பது மீட்டர் ஆழம் வரைக்கும் அது எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளக்க முடியும். வேண்டியவை ஒரு சம்மட்டி, ஓர் இரும்புத் தகடு, தரையில் குத்தி வைக்கும் இருபத்து நான்கு சிறு உணர்விகள், ஒரு பதிவுக் கருவி, ஒரு மடிக்கணினி. தரையை அடித்தால் எழும் அதிர்வுகளில் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் அலைகள்தான் இந்த வேலையைச் செய்து தருகின்றன.

தரையில் ஓங்கி ஒரு அடி விழுந்தால் மூன்று விதமான அலைகள் கிளம்பும். முதலாவது அழுத்த அலை. மண் துகள்களை முன்னும் பின்னும் நெருக்கித் தளர்த்தியபடி வேகமாக ஓடும். இரண்டாவது குறுக்கலை, துகள்களைப் பக்கவாட்டில் அசைக்கும், வேகம் குறைவு. இவை இரண்டும் நிலத்துக்குள் எல்லாத் திசையிலும் பரவிச் சீக்கிரம் வலுவிழக்கும். மூன்றாவது அலை கீழே இறங்காது, மேற்பரப்போடு ஒட்டி ஓடும். அது கடக்கும்போது தரையிலுள்ள ஒவ்வொரு துகளும் ஒரு சிறு நீள்வட்டத்தைப் போடும், அதுவும் அலை போகும் திசைக்குப் பின்புறமாகச் சுழன்று. 1885இல் இங்கிலாந்தின் ரேலி பிரபு இப்படி ஓர் அலை இருந்தாக வேண்டும் என்று கணிதத்தால் மட்டுமே காட்டினார். அவர் பெயராலேயே இதை ரேலி அலை என்கிறோம். நிலநடுக்கங்களில் இதற்குப் பெரிய பங்கு இருக்கலாம் என்றும் அப்போதே அவர் கருதினார்.

அதைப் பதிவுகளில் இனங்கண்டவர் இந்தியாவில் வேலை பார்த்தவர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், 1897 ஜூன் 12 அன்று அசாமைக் குலைத்த பெருநிலநடுக்கத்தை ஆராய்ந்தார். தொலைதூர நாடுகளின் கருவிகள் பதித்த கோடுகளில் அழுத்த அலை, குறுக்கலை, மேற்பரப்பு அலை மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வதை 1900இல் அவர் தெளிவாக எழுதினார். அதே 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8 அன்றுதான் கோயம்புத்தூரை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 6 அளவிலான நிலநடுக்கம் ஒன்று தென்னிந்தியாவின் பெரும்பகுதியை உலுக்கியது. கொங்கு நாடு அசையாத நிலம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். பாட்டன் காலத்து நினைவு மங்கிவிட்டது என்பதைத் தவிர அந்த நம்பிக்கைக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893, தன் 2002, 2016 பதிப்புகளில் கோயம்புத்தூரை மூன்றாம் நில அதிர்வு மண்டலத்தில் வைத்திருக்கிறது.

சரி, மேற்பரப்பிலேயே ஓடும் அலை எப்படி ஆழத்தைச் சொல்லும்?

முதலில் வேகம். தொய்ந்த கயிற்றைச் சுண்டினால் அதிர்வு மெதுவாக நகரும். இழுத்துக் கட்டிய கயிற்றில் அதே அதிர்வு சட்டென்று மறுமுனைக்குப் போய்விடும். மண்ணிலும் அப்படியே, விறைப்பு கூடினால் குறுக்கலையின் வேகம் கூடும். இரண்டுக்கும் உள்ள உறவு மிக எளிது. மண்ணின் அடர்த்தியைக் குறுக்கலை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவதுதான் விறைப்புக் குணகம். கன மீட்டருக்கு 1,800 கிலோ அடர்த்தியுள்ள மண்ணில் அலை நொடிக்கு 150 மீட்டர் ஓடினால் விறைப்பு ஏறக்குறைய 40 மெகாபாஸ்கல். 300 மீட்டர் ஓடினால் 162. வேகம் இரு மடங்கானால் விறைப்பு நான்கு மடங்காகிறது. ரேலி அலை குறுக்கலையைவிடச் சற்றே மெதுவானது, அதன் வேகத்தில் 92 முதல் 95 விழுக்காடு வரை. ஆகவே ஒன்றை அளந்தால் மற்றது கைக்கு வந்துவிடுகிறது.

அடுத்தது ஆழம். இந்த முறையின் அழகு முழுவதும் இங்கேதான். ரேலி அலை மேற்பரப்பில் ஓடினாலும் தன் அலைநீளத்துக்கு ஏற்ற ஆழம் வரைக்கும் மண்ணை அசைத்துக்கொண்டேதான் போகிறது. அலைநீளம் 3 மீட்டர் என்றால் அது பெரும்பாலும் மேலே உள்ள ஒன்று, ஒன்றரை மீட்டர் மண்ணையே உணர்கிறது. 35 மீட்டர் நீள அலை பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் ஆழத்து மண்ணையும் சேர்த்து அசைக்கிறது. சம்மட்டியின் ஒரே அடியில் வேகமாகத் துடிக்கும் குட்டையலைகளும் மெதுவாக ஊசலாடும் நெட்டலைகளும் கலந்தே பிறக்கின்றன. நிலம் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருந்தால் எல்லா அலைகளும் ஒரே வேகத்தில் ஓடும். கீழே போகப் போக மண் விறைப்பாகிறது என்றால் நெட்டலைகள் முந்திக்கொள்ளும், குட்டையலைகள் பின்தங்கும். இயற்பியலில் இதற்குப் பிரிகை என்று பெயர். ஒவ்வோர் அதிர்வெண்ணும் என்ன வேகத்தில் போயிற்று என்று வரைந்த கோட்டைப் பிரிகை வளைவு என்பார்கள். 60 ஹெர்ட்ஸில் நொடிக்கு 180 மீட்டர், 10 ஹெர்ட்ஸில் 350 மீட்டர் என்று ஒரு வளைவு கிடைத்தால், மேலே இளமண் இருக்கிறது, ஆழத்தில் கெட்டியான அடுக்கு இருக்கிறது என்று அதிலேயே படித்துவிடலாம்.

மேற்பரப்பு அலையை அளப்பது சுலபம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தரையில் செங்குத்தாக அடிக்கும்போது வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரேலி அலையாகவே போகிறது. குறுக்கலைக்குக் கால் பங்கு, அழுத்த அலைக்கு ஏழு விழுக்காடு. நிலத்துக்குள் எண்ணெய் தேடியவர்கள் பல்லாண்டுகளாக இந்த அலையைத் தொந்தரவாகவே கருதி, பதிவுகளிலிருந்து வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியது ஆழத்திலிருந்து எதிரொலித்து வரும் மெல்லிய சைகைகளை. பொறியாளருக்கோ மேல் முப்பது மீட்டர்தான் முக்கியம். அவருக்கு அந்தத் தொந்தரவே செய்தி.

1950களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் ஆர். ஜோன்ஸ் அதிர்வு எந்திரத்தைச் சாலைமீது வைத்து, ஒவ்வோர் அதிர்வெண்ணாக மாற்றி அலைநீளங்களை அளந்தார். பொறுமை வேண்டிய வேலை. 1980களின் தொடக்கத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸ்டோக்கோவும் மாணவர்களும் இரண்டு உணர்விகளையும் கணினியையும் கொண்டு ஒரே அடியில் பல அதிர்வெண்களைப் பிரித்தெடுத்தார்கள். 1999இல் கன்சாஸ் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பார்க், மில்லர், சியா மூவரும் உணர்விகளை வரிசையாகப் பெருக்கி இன்றைய வடிவத்தைத் தந்தார்கள். பல்தட மேற்பரப்பு அலைப் பகுப்பாய்வு என்று சொல்லலாம். களத்தில் எல்லாரும் ‘மாஸ்வ்’ என்றே அழைக்கிறார்கள்.

களவேலை பார்ப்பதற்குச் சாதாரணமானது. நேர்க்கோட்டில் ஒரு நாடாவை விரித்து, ஒன்று அல்லது இரண்டு மீட்டர் இடைவெளியில் ஜியோபோன் எனப்படும் இருபத்து நான்கு உணர்விகளைக் குத்துவார்கள். இவை 4.5 ஹெர்ட்ஸ் வகை. அதற்கு மேற்பட்ட அதிர்வுகளை நன்றாகப் பிடிக்கும். வரிசையின் முனையிலிருந்து ஐந்து, பத்து, பதினைந்து மீட்டர் தள்ளித் தகட்டை வைத்து அடிப்பார்கள். ஒரே இடத்தில் பல அடி அடித்து எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டும்போது, லாரி சத்தமும் காற்றும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், நம் அடி மட்டும் வலுப்படும். வரிசையை நகர்த்திக்கொண்டே போனால் ஒரு கோட்டின் கீழே மண்ணின் விறைப்பு எப்படி மாறுகிறது என்ற குறுக்குவெட்டுப் படமே கிடைத்துவிடும். துளை போடும் எந்திரம் ஏற முடியாத பாக்குத் தோப்புக்குள்ளும் மலைச்சரிவிலும் இதைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

கடினமான பகுதி அறைக்குத் திரும்பிய பிறகு. கையில் இருப்பது பிரிகை வளைவு; வேண்டியதோ அடுக்கடுக்காக மண்ணின் வேகம். முதலில் ஒரு மண் அமைப்பைக் கற்பனை செய்து, அது என்ன வளைவைத் தரும் என்று கணக்கிட வேண்டும். அளந்த வளைவோடு ஒப்பிட்டு, அடுக்குகளின் தடிமனையும் வேகத்தையும் திருத்தித் திருத்திப் பொருந்தும்வரை ஓட்ட வேண்டும். ஒரே வளைவுக்குப் பொருந்தும் மண் அமைப்புகள் பல இருக்கலாம் என்பதுதான் சிக்கல். பக்கத்தில் ஒரு துளையாவது இருந்தால் ‘ஆறு மீட்டரில் மக்கிய பாறை’ என்று ஒரு முளையடித்துக்கொண்டு மற்றவற்றைத் தேடலாம். துளையே வேண்டாம், அலைச் சோதனை போதும் என்று யாராவது விலை பேசினால் அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. பத்துத் துளை போட வேண்டிய இடத்தில் மூன்றைப் போட்டு, நடுவே உள்ள நிலத்தை அலைகளால் நிரப்புவதுதான் இதன் சரியான பயன்.

இந்த முறை அழுத்த அலைச் சோதனையைவிட மேலானது என்று சொல்ல மலையடிவாரத்தில் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று தண்ணீர். மண்ணின் துளைகள் நீரால் நிரம்பினால் அழுத்த அலை நொடிக்கு 1,500 மீட்டருக்கும் மேல் பாயும், ஏனென்றால் நீரே அதைச் சுமக்கிறது. சேறும் கெட்டி நிலம்போல் தோன்றிவிடும். நீருக்கு விறைப்பு இல்லாததால் குறுக்கலையை அதனால் சுமக்க முடியாது. ஆகவே ஊறிய மண்ணிலும் மண்கூட்டின் சொந்த விறைப்பே தெரியும். மற்றொன்று, கெட்டி மேலோட்டுக்குக் கீழே மறைந்திருக்கும் இளம் அடுக்கு. அழுத்த அலையின் விலகலைக் கொண்டு செய்யும் பழைய முறைக்கு இப்படிப்பட்ட அடுக்கு தெரியவே தெரியாது. மேற்பரப்பு அலை அதைக் காட்டும். பிரிகை வளைவு தலைகீழாக மடங்கும். கணக்கு கடினமாகும் என்றாலும் அடையாளம் பதிவில் இருக்கும். நீலகிரியின் சார்னோகைட் பாறை மக்கும்போது மேலே சரளைக்கல் ஓடும் அதன் கீழே வெண்களிமண் கலந்த இளகிய அடுக்கும் உருவாகின்றன. இங்கே இந்த அமைப்பு அபூர்வமானதல்ல.

தென்னிந்தியாவில் இந்த அளவீடு பெரிய அளவில் நடந்தது முதலில் பெங்களூரில். இந்திய அறிவியல் கழகத்தின் டி.ஜி. சீதாராமும் பி. அன்பழகனும் நகரில் 58 இடங்களில் மாஸ்வ் சோதனை செய்து, 220 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு விறைப்பு வரைபடம் தயாரித்தார்கள். சென்னையில் ஐஐடி மெட்ராஸின் ஏ. பூமிநாதனும் குழுவினரும் 30 இடங்களில் அலை வேகத்தையும் ‘என்’ மதிப்பையும் அருகருகே அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கணிக்கும் சூத்திரத்தை 2010இல் வெளியிட்டார்கள். பிறகு மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் தேசிய நில அதிர்வு மையம், நகரங்களை நுண்மண்டலங்களாகப் பிரிக்கும் பணியில் சென்னை, மங்களூரு, புவனேஸ்வர் ஆகியவற்றோடு கோயம்புத்தூரையும் எடுத்துக்கொண்டது. நிலநடுக்கம் வந்தால் நகரின் எந்தப் பகுதி அதிகம் ஆடும், எது குறைவாக ஆடும் என்று பகுதிவாரியாகச் சொல்வதே நுண்மண்டல வரைபடம். அதற்கு அடிமண்ணின் குறுக்கலை வேகம் இன்றியமையாத தரவு.

உலகெங்கும் இதற்கு ஒரு சுருக்கமான அளவுகோல் இருக்கிறது. மேல் 30 மீட்டரின் சராசரி குறுக்கலை வேகம். நொடிக்கு 180 மீட்டருக்குக் கீழே என்றால் இளமண், 180 முதல் 360 வரை நடுத்தரம், 360 முதல் 760 வரை மிகக் கெட்டி மண் அல்லது மென்பாறை, அதற்கு மேல் பாறை. அமெரிக்காவில் ஆழமான வண்டல் நிலங்களை மனத்தில் வைத்து உருவான கணக்கு இது. கொங்கு நாட்டுக்கு இதை அப்படியே பொருத்தினால் தவறு நேரும். ஒரு மனையில் 8 மீட்டர் வரைக்கும் நொடிக்கு 200 மீட்டர் வேகமுள்ள மண், அதற்குக் கீழே 1,000 மீட்டர் வேகமுள்ள பாறை என்று வைத்துக்கொள்வோம். மண்ணைக் கடக்க அலைக்கு 0.04 நொடி, மீதி 22 மீட்டர் பாறையைக் கடக்க 0.022 நொடி. முப்பதை மொத்த நேரத்தால் வகுத்தால் 484 மீட்டர். ‘மிகக் கெட்டி’ என்ற வகுப்பில் அந்த மனை சேர்ந்துவிடும். வீடு நிற்பதோ 200 மீட்டர் வேகமுள்ள மண்ணின் மேல்! பாறை ஆழம் குறைந்த பகுதிகளில் இந்தச் சராசரி நிலத்தை அதன் உண்மை நிலையைவிடக் கெட்டியாகக் காட்டுகிறது என்பதை அன்பழகனும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் எழுதிய கட்டுரை விரிவாகப் பேசுகிறது.

அதே மனையை இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு மண் அடுக்கு தன் இயல்பில் ஆடும் அதிர்வெண், அலை வேகத்தை அடுக்குத் தடிமனின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 200ஐ 32ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ ஆறு ஆட்டம். கட்டடங்கள் மாடிக்கு ஏறத்தாழ 0.1 நொடி என்ற கணக்கில் ஆடும். ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகளின் ஆட்டம் இந்த அதிர்வெண்ணுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. அதாவது, இங்கே ஆழமில்லாத மண்மேல் நிற்கும் சின்ன வீடுகளைத்தான் நிலநடுக்கம் கூடுதலாகப் பிடித்து உலுக்கும். பத்து மாடிக் கட்டடத்துக்குப் பொறியாளர் இருக்கிறார், அறிக்கை இருக்கிறது. சின்ன வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்? நுண்மண்டல வரைபடம் ஊராட்சி அலுவலகம் வரைக்கும், வரைபட ஒப்புதல் தருபவரின் மேஜை வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகை போன்ற ஊர்கள் மாநகர எல்லைக்கு வெளியே இருப்பதால் அவற்றின் மண் குறைவாக ஆடப்போவதில்லை.

நிலநடுக்கம் ஒருபுறம் இருக்கட்டும். அன்றாடக் கட்டுமானத்துக்கே இந்த எண் எவ்வளவு பயன்படும் என்பதில் பொறியாளர்களிடையே நெடுங்காலம் கருத்துவேறுபாடு இருந்தது. அலை மண்ணை அசைப்பது மிக மிகக் கொஞ்சம். நீளத்தில் நூறாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு சிறிய அசைவில் எந்த மண்ணும் மிக விறைப்பாகத்தான் இருக்கும். அசைவு கூடக்கூட விறைப்பு குறைந்துகொண்டே வரும். ஆய்வுக்கூடச் சோதனை தரும் விறைப்பு இதைவிடப் பல மடங்கு குறைவாக இருந்ததால், அலை தரும் எண் நடைமுறைக்கு உதவாது என்று ஒதுக்கினார்கள். 1970, 80களில் லண்டன் களிமண்ணில் தோண்டிய பெரும் பள்ளங்களையும் அஸ்திவாரங்களையும் அளந்தபோது நிலம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே அசைந்திருந்தது. ஜான் பர்லண்டு போன்றவர்கள் காரணத்தைக் கண்டார்கள். நன்றாக வடிவமைத்த அஸ்திவாரத்தின் கீழ் மண் படும் அசைவு மிகச் சிறியது. மண் மாதிரியை எடுத்து வரும்போது ஏற்படும் குலைவால் ஆய்வுக்கூடம்தான் விறைப்பைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அலை தரும் எண்ணை உச்ச வரம்பாக வைத்து, எதிர்பார்க்கும் அசைவுக்குத் தக்கபடி குறைத்துக்கொள்வது இன்றைய வழக்கம்.

பல்லடம், கேத்தனூர், உடுமலை வட்டாரங்களில் சுழலும் காற்றாலைகள் இதற்குப் பொருத்தமான இடம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை வாங்கும் அந்தக் கோபுரங்கள் பெரிய காங்கிரீட் வட்டங்களின் மேல் நிற்கின்றன. காற்று ஓயாமல் அவற்றைச் சாய்த்துப் பார்க்கிறது. அடிமண் தாங்கினால் மட்டும் போதாது, சாய்வுக்கு எதிராக விறைத்தும் நிற்க வேண்டும். மண் இளகலாக இருந்தால் கோபுரத்தின் இயல்பான ஆட்டம் மெதுவாகும். இறக்கைகள் சுழலும் வேகத்தோடு அது ஒத்துப்போனால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். ஆகவே காற்றாலை வடிவமைப்பாளர்கள் குறைந்தபட்ச விறைப்பு இவ்வளவு இருக்க வேண்டும் என்று எண்ணாகவே கேட்கிறார்கள். மேற்பரப்பு அலை அந்த எண்ணை நேரடியாகத் தருகிறது. கரிசல் மேலே, சுக்கான் நடுவே, பாறை கீழே என்று சில அடிக்கொரு தரம் மாறும் இந்தப் பகுதி நிலத்தில், அஸ்திவார வட்டத்தின் ஒரு பாதி விறைப்பாகவும் மறு பாதி இளகலாகவும் இருப்பதைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

இந்த முறையால் என்ன முடியாது என்பதையும் அதே அளவு தெளிவாகச் சொல்ல வேண்டும். இது அளப்பது விறைப்பை, வலிமையை அல்ல. எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதும் எப்போது முறியும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். 2019 டிசம்பர் 2 அதிகாலை, கனமழைக்குப் பின் மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான மதில் சுவர் ஒன்று வீடுகள்மேல் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். சம்மட்டியும் ஜியோபோனும் அந்தச் சாவுகளைத் தடுத்திருக்கும் என்று சொன்னால் அது பொய். சுவர்களின் உறுதியைக் கேட்கவும், குடிசைக்கு மேல் ஒரு மதில் உயர்வதைத் தடுக்கவும் வேறு சட்டங்களும் வேறு மனங்களும் வேண்டும். ஆழம் கூடக்கூட அலையின் கூர்மை மழுங்குகிறது என்பதும் உண்மை. இருபது மீட்டர் கீழே அரை மீட்டர்க் களிமண் பட்டை இருந்தால் அது தப்பிவிடும். சரிந்து கிடக்கும் அடுக்குகளை இந்தக் கணக்கு கிடைமட்டமாக வைத்துப் படித்துக் குழம்பும்.

என்றாலும் மலைப்பாதைக்கு இந்த அலைகள் வேறொரு வகையில் உதவக்கூடும். பர்லியாறுக்கும் குன்னூருக்கும் இடையே மரப்பாலம் என்ற இடத்தில் 1993 நவம்பரிலும் 2009 நவம்பரிலும் மலை சரிந்தது. 2009 நவம்பர் மழையில் நீலகிரி முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலை ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. வடகிழக்குப் பருவமழையில் ஊறும் மண், துகள்களைப் பிடித்து வைத்திருந்த ஈரப்பசையின் இழுப்பை இழக்கிறது. துளை நீரின் அழுத்தம் ஏறுகிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைகிறது. மண்ணின் விறைப்பு அந்த விசையைச் சார்ந்தது. ஆகவே சரிவதற்கு முன்பே குறுக்கலையின் வேகம் குறைய வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் போன்-புர்க்கான் என்ற களிமண் சரிவில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். சரிவின் இரு ஓரங்களிலும் உணர்விகளை நிலையாகப் புதைத்து, யாரும் அடிக்காமலேயே, நிலத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய அதிர்வுகளிலிருந்து மேற்பரப்பு அலையின் வேகத்தை நாள்தோறும் கணித்தார்கள். 2010 ஆகஸ்டில் மண் ஓடுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே வேகம் இறங்கத் தொடங்கி, ஏழு விழுக்காடு வரை குறைந்திருந்தது.

கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவே இதைச் செய்து பார்க்க எல்லாம் தயாராக இருப்பதுபோலத் தோன்றும். சாலையில் லாரிகளும் பேருந்துகளும் இரவு பகலாக அதிர்வைத் தருகின்றன, மலை ரயிலும் தருகிறது. ஆனால் முதலில் தேவைப்படுவது பொறுமை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் எல்லாச் சரிவுகளிலும் அலைவேகம் கொஞ்சம் குறைந்து, கோடையில் மீளும். அந்த வழக்கமான இறக்கம் எவ்வளவு, கவலைப்பட வேண்டிய இறக்கம் எவ்வளவு என்று பிரித்தறிய, ஒரே சரிவில் சில ஆண்டுகளாவது இடைவிடாமல் பதிவெடுக்க வேண்டும். கூடவே மழைமானியும் துளைநீர் அழுத்தமானியும் இருக்க வேண்டும். ஒரு மழை தவறினால் அந்த ஆண்டின் தரவு அரைகுறைதான். மரப்பாலத்திலேயே தொடங்கலாம், 2009 சரிவின் மண்ணை வேலூர் விஐடியும் ஐஐடி மெட்ராஸும் ஏற்கெனவே ஆராய்ந்து எழுதியிருப்பதால், அங்கே புதைக்கும் முதல் உணர்வி சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடித்தளம் இருக்கிறது.